டோல்ஸ் கிழவர் அணைக்கச் சொன்னது

பல்கலைக்கழகத்துக்காரர்கள் தொண்ணூற்று நான்கில் வந்து, பத்திரமாக வைத்திருப்போம் என்று வாய் இனிக்கப் பேசி, என்னிடமிருந்து நாற்பது கேசட்டுகளை வாங்கிப் போனார்கள். திரும்பி வந்தது முப்பத்தொன்று. மீதி ஒன்பதைக் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து ஒரு துண்டு நாடாவைக்கூட நான் வெளியே விடுவதில்லை. எல்லாம் இந்த நீபோ மலை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்தான் கிடக்கிறது. மழை வந்தால் சுவர் கசியும், நான் வாளியோடு ஓடுவேன். அலபாமாவில் எங்கள் கறுப்பு ஜனங்கள் பட்டதெல்லாம் அந்த வாளிக்குப் பக்கத்து அலமாரியில்.

போன மாதம் கிளியோத்தா கெய்ன்ஸ் அக்காவை இங்கே உட்காரவைத்து ஒரு படச்சுருளைப் போட்டுக் காட்டினேன். நாற்பத்தாறாம் வருடத் தேவாலய பிக்னிக். சவப்பெட்டிக் கடைக்காரர் யாரோ ஆசைக்கு எடுத்தது, சத்தம் கிடையாது. அதில் நாலே விநாடி அக்காவின் அப்பா ஹோசியா வருகிறார். தோளில் ஐஸ்கட்டி, முகத்தில் சிரிப்பு. வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. மறு வருடம் ஓட்டுக்குப் பெயர் பதியப் போனார். கறுப்பனுக்கு ஓட்டா என்று மூன்றாம் நாள் வெள்ளைக்காரர்கள் வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். உடம்பு திரும்பி வரவில்லை. அக்காவுக்கு அப்போது ஐந்து வயது, இப்போது எண்பத்திரண்டு. அந்த நாலு விநாடியைப் பதினேழு தடவை போடச் சொன்னார்.

காட்டாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. ஊர்வாய் சும்மா இருக்குமா? ஹோசியாவைப் புதைத்தது குழிவெட்டி ஆம்சி டோல்ஸ், அவர் பேச்சை வெர்னெட்டா, அதாவது நான், எண்பத்தொன்றிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்று யாரோ ஊதிவிட்டார்கள். அக்கா நேரே போய் அப்பா பெயரில் கல்லறைக்கல்லுக்குச் சொல்லிவிட்டார். கல் தயாராகிவிட்டது. நடுவதற்கு இடம்தான் வேண்டும். இரண்டு வாரத்தில் அவருக்கு இதய ஆபரேஷன். அதற்குள் அப்பா தலைமாட்டில் கல்லை நட்டுவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அந்தக் கேசட் திரும்பி வந்தவற்றில் ஒன்றுதான். ஆனால் பூஞ்சை பிடித்து ஒட்டிக் கிடந்தது. ரேடியோ நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த எங்கள் தேவாலய ஊழியர் வெண்டல் டீக்கன் ஒன்பது நாள் அதோடு மல்லுக்கட்டினார்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது இதைப் போட்டுக் கேட்டியா நீ?" என்றார்.

"அறுந்துடுமோன்னு பயம் டீக்கன்."

"நல்லா பயந்தே போ. உன் பயத்துல காளான் முளைச்சிருக்கு."

நான் சொன்னது பாதிப் பொய். அதில் என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். என் ஞாபகம் தப்பாக இருக்கக்கூடாதா என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை அக்கா ஞாயிறு ஆராதனைக்குப் போடும் தொப்பியோடும் வெள்ளைக் கையுறையோடும் படியிறங்கி வந்தார். டீக்கன் புது மெஷினில் நாடாவை ஓடவிட்டார். கரகரப்புக்கு நடுவே டோல்ஸ் கிழவர் பேசினார்.

"ஹோசியாவை வண்டியில போட்டு எங்கிட்ட கொண்டாந்தாங்க. புதை, வாயைத் திறந்தா தொலைச்சிடுவோம்னாங்க. நான் அவன் மூஞ்சியைக் கழுவிவிட்டேன். என் கோட்டைக் கழட்டி அவனுக்கு மாட்டிவிட்டேன். அப்புறம் அவனை எங்க கொண்டு போனேன்னா... ஏ பொண்ணு, அந்த மெஷினை அணை."

"சரிங்க ஐயா." அது என் குரல். இருபத்திரண்டு வயது, தேன் ஒழுகும் மரியாதை.

டக்.

"ம், இப்பப் போடு. அந்த வருஷம் பருத்தி நல்ல விளைச்சல்."

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நடுவுல இருந்தது எங்கே?"

"இல்லக்கா. அவர் அணைக்கச் சொன்னார், அணைச்சிட்டேன்."

எங்கள் ஊரில் பதிவு செய்யப் போன எவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். பெரியவர்கள் பருத்தியைப் பற்றிப் பேசுவார்கள், பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். வெள்ளைக்காரன் பேர் வாய் நுனிக்கு வந்ததும் அணை என்பார்கள். நாங்களும் அணைப்போம். எங்கள் அம்மாக்கள் எங்களை அப்படி வளர்த்திருந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இந்தக் கேசட்டுகளைப் பொக்கிஷம் என்கிறார்கள். பொக்கிஷமாவது மண்ணாங்கட்டியாவது! எது வேண்டுமோ அதெல்லாம் அந்த டக்குக்குள் போய்விட்டது.

"மெஷினை அணைச்சே, சரி. காதையுமா அணைச்சே?" என்றார் அக்கா.

"கேட்டேன்க்கா. ஏதோ வேலி சொன்னார். ஓடை சொன்னார். ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா... ஞாபகமே வரமாட்டேங்குது."

"எழுதிக்கலையா?"

"பென்சிலையும் கீழ வைன்னார்."

"வீட்டுக்குப் போயாவது எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?" டீக்கன் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தார்.

"எங்கேயும் எழுதமாட்டேன்னு பைபிள்ல கை வெச்சுச் சத்தியம் வாங்கிட்டார்!" நான் கத்தியேவிட்டேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. "பேரைச் சொன்னார்க்கா. கொண்டாந்து போட்ட மூணு பேரோட பேரையும். அதைக் கேட்டதும் பயந்துட்டேன். அப்புறம் அவர் சொன்ன எதுவும் மண்டையில ஏறல. அந்தப் பேரை மட்டும் நாப்பத்துமூணு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கேன்."

குரலைத் தாழ்த்தி மூன்று பெயரையும் சொன்னேன். அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதையாடி இத்தனை நாளா பொத்திப் பொத்தி வெச்சிருந்தே? எனக்கு அஞ்சு வயசுலேர்ந்து தெரியும். அந்த மூணு பேர்ல ஒருத்தனான டன்னவேயோட கடையிலதான் எங்கம்மா உப்பு வாங்குவாங்க. 'வணக்கம் ஐயா'ன்னு சொல்லுன்னு என்னைக் கிள்ளுவாங்க. இந்த ஊர்ல இது தெரியாதவங்க யாரு? டீக்கன், உங்களுக்குத் தெரியாதா?"

டீக்கன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்" என்றார்.

எனக்கு அங்கேயே பூமி பிளக்கக்கூடாதா என்றிருந்தது. ஊருக்கே தெரிந்ததை ரகசியமென்று கட்டிக் காத்திருக்கிறேன். ஒருவருக்கும் தெரியாத அந்த ஒன்றைக் காற்றில் விட்டிருக்கிறேன்.

"பூமிக்குள்ள பாக்குற கருவி இருக்காம்..." என்று இழுத்தார் டீக்கன்.

"ஓடைக்கு ரெண்டு பக்கமும் முன்னூறு ஏக்கர். எனக்கு இருக்கறது ரெண்டு வாரம்."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு படிவரைக்கும் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் புது மெஷின் பதிவு பண்ணுமா?"

"பண்ணும்க்கா."

"போடு."

போட்டேன். அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"என் பேர் கிளியோத்தா கெய்ன்ஸ். ஹோசியா கெய்ன்ஸோட மக. எங்கப்பாவைக் கொன்னது மூணு பேர். முதல் ஆளு—"

அந்த முதல் ஆளின் பேரன்தான் எங்களுக்கு இந்த மெஷினை வாங்கிக் கொடுத்தவர். நல்ல மனிதர், கிறிஸ்துமஸுக்குப் பழக்கூடை அனுப்புவார். யாரும் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. என் விரல் பொத்தான்மேல் இருந்தது. எப்போது போனது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அக்கா என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"நான் அணைக்கச் சொல்லலையே வெர்னெட்டா."

"அக்கா, அது வந்து..."

"எங்கப்பா எங்க கிடக்குறார்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அவரைக் கொன்னவங்க எங்க படுத்திருக்காங்கன்னு தெரியும். மேட்டுல, பளிங்குக்கல்லுக்கு அடியில, பேரும் வருஷமும் பொறிச்சு ஜம்முனு படுத்திருக்காங்க. அந்தக் கல்லுல எழுதாம விட்டுப்போனதை நான் இங்க சொல்றேன். கையை எடு."

எடுத்தேன். அக்கா ஒவ்வொரு பெயரையும், நாளைக்கு யாரும் சந்தேகம் கிளப்பக்கூடாதென்று, எழுத்து எழுத்தாகச் சொன்னார். மூன்றாவது பெயரின் கடைசி எழுத்து முடிகிறவரை என் மணிக்கட்டை அவர் விடவில்லை.