பாஞ்சாலியின் இடக்காது

வல்லக்கோட்டை முருகன் கோயில் கோபுரத்தின்மேல் இளவெயில் படிய, ஏரி மதகருகே நாரைகள் மீனுக்குக் காத்து நிற்க, மறைமலை நகர்த் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் வண்டிகள் புழுதி கிளப்பி ஓட, தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் தைத் திங்கள் காலையொன்று விடிந்திருந்தது. ஊரெல்லாம் தத்தம் வேலையில் முனைந்திருக்க, ஓவியன் பாண்டுரங்கனை மட்டும் ஓர் ஐயம் அரித்துக்கொண்டிருந்தது.

இறந்தோரின் நிழற்படம் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் உருவம் தீட்டித் தருவதே அவன் பிழைப்பு. பாஞ்சாலியோ உயிரோடு வந்து, ஐந்து நாளாக அவன் எதிரே அசையாது அமர்ந்து, ஒரு சுருக்கமும் குறையாமல் தன்னை எழுதச் சொன்னாள். எழுபது வயதில் இவளுக்கு ஏன் இந்த ஆசை? எப்படிக் கேட்டும் மூதாட்டி வாய்திறந்தாளில்லை.

நரையும் ஒட்டிய கன்னமும் அச்சாக அமைந்தன. ஆயினும், சுவரேறும் படத்தில் பெண்ணின் காது மூளியாயிருத்தல் ஆகாது என்னும் தொழில் வழக்கால், கிழிந்து தொங்கிய அவள் இடக்காதை மூடி, அவன் கை தானாகவே ஒரு பொற்றோட்டைத் தீட்டிவிட்டது. வேறு வீட்டாராயின் கண்கலங்கி வாழ்த்தியிருப்பர். பாஞ்சாலிக்குச் சினம் மூண்டது.

“எங்க வூட்டுக்காரர் செத்தப்போ அவரு படத்த நீதான் எழுதுன. குடிகாரர சாமி மாதிரி ஆக்கிட்ட. அவரு கம்மலைப் புடுங்கசொல்லோ அறுந்த காது இது. இதையும் மூடிட்டா, எனக்கு இன்னா சாட்சி கீது?”

ஐயம் தீர்ந்த ஓவியன் நாணித் தலைகுனிந்தான். படத்தை எடுத்துச்செல்ல வந்திருந்த அவள் மகன் எழிலரசனோ, வாயிற்படியிலேயே நின்றுவிட்டான். தந்தை படத்தை நாள்தோறும் தொழுதுவிட்டு வேலைக்குச் செல்பவன் அவன்.

“முள்ளு கிழிச்சுதுன்னுதானேம்மா சொன்ன?”

“உனக்கு ஒரு அப்பன் வேணுமேன்னு சொன்னேன்.”

பாண்டுரங்கன் மகனை நோக்கினான். அழிக்க வேண்டாமென்று அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் தோடு நிலைத்திருக்கும். எழிலரசன் நெடுநேரம் தாயின் காதையே பார்த்திருந்து, பின் சரியென்று மெல்லத் தலையசைத்தான். ஓவியன் கத்திமுனையால் பொன்னைச் சுரண்டி, அறுந்த சதையை அறுந்தபடியே எழுதினான்.

பிள்ளைக்கு ஒரு தந்தையைத் தர அவள் நாற்பது ஆண்டு பொய் சொன்னாள். தனக்கென ஒரு மெய்யைக் கேட்க அவளுக்கு எழுபது வயதாயிற்று.