பவுல்ராஜ் வீட்டு மூடுபனி

பவுல்ராஜின் கேமரா விலக்கிய மூடுபனி முழுவதும் அன்றன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குள் வந்து தங்கியது. மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் சுற்றுலாக்காரர்களைக் கருப்பு வெள்ளையில் படமெடுப்பது அவன் பிழைப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், ஊருக்குக் கப்பலேறப்போன மிஷன் துரை ஒருவர் பழைய கேமராவையும் லென்சுக்கு முன் மாட்டும் வண்ணக் கண்ணாடி பில்டர்கள் ஒரு டப்பாவையும் அவனுக்குக் கொடுத்தார். விளிம்பு எழுத்துகள் தேய்ந்திருந்ததால் எது எதற்கென்று தெரியவில்லை. அவனும் மனைவி கித்தேரியம்மாளும் ஒரு கேரட்டைத் தழையோடு துணியில் வைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் படமெடுத்துப் பார்த்தார்கள். மஞ்சளில் பெரிய மாற்றமில்லை. பச்சையில் கேரட் கறுத்தது. அடர்சிவப்பில் கேரட் வெளுத்து, தழை கரியானது. அந்தச் சிவப்பைப் போட்டால், நீட்டிய கை தெரியாத பனியிலும் பெரியகுளத்துச் சமவெளி படத்தில் துலக்கமாக விழுந்தது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் கட்டிலடியில் கிடந்த பனி, இரண்டு வருடத்தில் கூரைவரை ஏறியது.

"ஏங்க, இன்னைக்கும் சிவப்பத்தான் போட்டீங்களா? அடுப்பு பத்தவே மாட்டேங்குது" என்பாள் அவள், இருமலுக்கு நடுவே.

"இந்த சீசன் மட்டும் பொறுத்துக்க, கித்தேரி."

அப்படியே பல சீசன் போயிற்று. எழுபத்தொன்பது ஐப்பசியில், தீப்பெட்டி எடுக்க அடுப்படிக்குப் போன கித்தேரியம்மாள் திரும்பவில்லை. பவுல்ராஜ் சுவர் சுவராகத் தடவினான். போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். "இங்கனதாங்க இருக்கேன், வழிதான் தெரியல" என்று அவள் குரல் மட்டும் வந்தது. சிவப்பு பில்டரைப் போட்டு அடுப்படியைப் படமெடுத்தான். அடுப்பு, பானை, கொடியில் அவள் சேலை எல்லாம் தெளிவாக விழுந்தன. அவள் இல்லை. அன்று படத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை அழுதான்.

பில்டரைக் கழற்றி வைத்து, கதவு சன்னலைத் திறந்துபோட்டான். கோடையில் பனி மெலிந்தது. சுவர் தெரியத் தொடங்கியது. கூடவே அவள் குரலும் மெலிந்தது.

"கொஞ்சம் சத்தமாப் பேசு கித்தேரி, கேக்கல."

"சத்தமாத்தாங்க பேசுறேன்."

பவுல்ராஜ் வெரசாக எழுந்து கதவுகளைச் சாத்தினான். அன்றிலிருந்து பனி இறங்கும் நாளெல்லாம் சிவப்பை மாட்டிக்கொண்டு கோக்கர்ஸ் வாக்குக்குப் போனான். கலர் படம் வந்து, அவனிடம் யாரும் நிற்காத காலத்திலும் வெறும் பனியைப் பார்த்து எடுத்துக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி காப்பித்தூள் கேட்டு வந்தால், டப்பா எங்கே இருக்கிறதென்று உள்ளிருந்து கித்தேரியம்மாள் சொல்வாள். புஷ்பமேரி தடவி எடுத்துக்கொண்டு, கொஞ்சமும் பனி வெளியேறாதபடி கதவை இறுகச் சாத்திவிட்டுப் போவாள்.