குறை சொல்லாத ஐந்து நிமிடம்

சுரேந்தரின் மகள் சுவேதாவுக்கு நான்கு வயது. எல்.கே.ஜி. சேர்ந்த இரண்டு மாதத்தில் ஆறு பேரைக் கடித்துவிட்டாள். நான்கு பேர் குழந்தைகள். ஐந்தாவது, வகுப்பு ஆயா பாப்பம்மா. ஆறாவது, தன் பையனுக்கு அட்மிஷன் விசாரிக்க வந்திருந்த யாரோ ஒருவர். அவர் விசாரிக்காமலே போய்விட்டதில்தான் பிரின்சிபாலுக்குப் பெரிய வருத்தம். இன்னொரு தடவை நடந்தால் டி.சி. என்று சொல்லி அனுப்பினார்.

சுரேந்தரின் மனைவி மேகலா யார் யாரையோ கேட்டு, ஓசூரிலேயே சின்னக் குழந்தைகளுக்குத் தெரபி கொடுக்கும் பிரவீனாவைக் கண்டுபிடித்தாள். பிரவீனா குழந்தையைப் பரிசோதிப்பார் என்று நினைத்துப் போனார்கள். அவரோ, தான் பேசுவது கேட்கும்படி சுரேந்தரின் காதில் ஒரு இயர்போனை மாட்டி, மகளோடு ஐந்து நிமிடம் விளையாடச் சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிரவீனா எண்ணிய கணக்குப்படி, ஐந்து நிமிடத்தில் சுரேந்தர் முப்பத்தொரு கட்டளை போட்டிருந்தார். இருபத்திரண்டு கேள்வி கேட்டிருந்தார். பதினான்கு குறை சொல்லியிருந்தார். பாராட்டு ஒன்றுகூட இல்லை. சுவேதா கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டியபோது, அது இடது பக்கம் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். அவள் கோபுரத்தைத் தட்டிவிட்டு அவர் கையைக் கடித்தாள்.

சுரேந்தரையும் குறை சொல்ல முடியாது. சிப்காட்டில் பிரேக் டிரம் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

"பாப்பா தப்பு பண்றப்ப மட்டும்தான் நீங்க அவள திரும்பிப் பாக்கறீங்க சார்," என்றார் பிரவீனா. "அதை அவ நல்லா கத்துக்கிட்டா."

வீட்டுக்குக் கொடுத்த பயிற்சி சுலபமாகத்தான் தெரிந்தது. தினம் ஐந்து நிமிடம் குழந்தை இஷ்டப்படி விளையாட வேண்டும். கட்டளை, கேள்வி, குறை மூன்றும் கூடாது. அவள் செய்வதையும், கோபப்பட்டால் அந்தக் கோபத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாராட்டினால் எதற்காக என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கடித்தால் கத்தக் கூடாது. 'கடிக்கக் கூடாது' என்று மட்டும் சொல்லிவிட்டு விளையாட்டை நிறுத்தி, அவள் அடங்கிய பிறகு தொடர வேண்டும்.

மேகலாவுக்கு அது உடனே வந்துவிட்டது. சுரேந்தருக்கு இரண்டாவது நிமிடத்திலேயே வியர்த்தது. வாயைத் திறப்பார், மூடுவார். எதையும் செய்து பழகித்தான் கற்றுக்கொள்வது அவர் வழக்கம். அதனால் மறுநாள் கம்பெனியில் பழகிப் பார்க்க முடிவு செய்தார்.

காலை ஷிப்டில் முதல் மெஷின் மாதேஷுடையது. கெலமங்கலத்துக்காரர், யூனியன் செயலாளர். சுரேந்தர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"மாதேஷ், டிரம்மை ரெண்டு கையாலயும் தூக்கறீங்க. பதட்டப்படாம வெக்கறீங்க. எனக்கு அது புடிச்சிருக்கு."

மாதேஷ் மெஷினை நிறுத்திவிட்டார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்ற செய்தி கேன்டீன் வரை போய்விட்டது. சுரேந்தர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருகிறதென்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகா பக்கம் மெஷின்களை மாற்றுகிறார்கள் என்றார் ஒருவர். டீ நேரத்துக்குள் அது குஜராத் ஆகிவிட்டது. ஒருவர் தன் பைக்கைப் படமெடுத்து விற்பனைக்குப் போட்டார். இரண்டாவது ஷிப்டுக்கு வந்த இருநூறு பேரும் உள்ளே வராமல் கேட்டிலேயே உட்கார்ந்தார்கள்.

பிளான்ட் மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. தனக்குத் தெரியாமலே முடிவு எடுத்துவிட்டார்களோ என்று பயந்து ஹெட் ஆபீசுக்கு போன் போட்டார். இவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று அவர்கள் பயந்து, மறுநாள் காலையிலேயே இரண்டு பேரைக் காரில் அனுப்பிவைத்தார்கள்.

யார் யாரிடம் சொன்னார்கள் என்று எச்.ஆர். ரேவதி பட்டியல் போட்டுக்கொண்டே வந்தார். பட்டியல் சுரேந்தரில் முடிந்தது. சுரேந்தர் மகளைப் பற்றி, கடியைப் பற்றி, இயர்போனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. மாதேஷ் யாரைக் கடிச்சாரு?"

கடைசியில், எல்லோர் முன்னாலும் சுரேந்தர் மாதேஷைத் திட்ட வேண்டும் என்று முடிவானது. தொழிலாளர்கள் எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்கள். ஹெட் ஆபீஸ்காரர்கள் மாடிக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுரேந்தர் மாதேஷ் முடித்து வைத்திருந்த டிரம் ஒன்றைக் கையில் எடுத்து அளந்தார். எல்லா அளவும் சரியாக இருந்தது. திருப்பி வைத்து மறுபடி அளந்தார். அப்போதும் சரிதான். பொய்யாகக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மாதேஷ் குரலைத் தாழ்த்தினார். "எதையாவது சொல்லிடுங்க சார். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

சுரேந்தர் தலையிலிருந்து கால் வரை அவரைப் பார்த்தார்.

"ஷூ லேஸ் அவுந்து கெடக்குது. எத்தனை தடவைதான் சொல்றது? காதுலயே வாங்க மாட்டீங்களா?"

கூட்டம் கைதட்டியது. மெஷின்கள் ஓடத் தொடங்கின. குனிந்து லேசைக் கட்டிக்கொண்டிருந்த மாதேஷின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த முகம் சுரேந்தரை வீடு வரை விடவில்லை. திட்டு வாங்கினால்தான் தன் இடம் பத்திரம் என்று அந்த மனிதரை நம்ப வைத்தது யார்? சாயங்காலம் சட்டைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தார். சுவேதா பொம்மைக் குக்கருக்கு மூடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சுவேதா மூடி போடறா," என்றார். "விடாம முயற்சி பண்றா. எனக்குப் புடிச்சிருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்து என்ன குறை வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நகர்ந்து வந்து அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பயிற்சியின் பத்தொன்பதாம் நாள் அவர் தோளிலேயே கடித்தாள். சுரேந்தர் 'கடிக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு நிமிடம் அழுதாள். பிறகு தானாகவே ஒரு கட்டையை எடுத்து வந்து நீட்டினாள். கம்பெனியில், இனி யாரையாவது பாராட்டுவதென்றால் இரண்டு நாள் முன்னதாக எச்.ஆரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சர்க்குலர் வந்தது. சுரேந்தர் வாரம் ஒரு விண்ணப்பம் கொடுத்துவருகிறார். ரேவதி, தோழி ஒருத்திக்காக என்று சொல்லி, பிரவீனாவின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பயிற்சி தொடங்கிய இரண்டாவது மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிரேயானைப் பிடுங்கிய பையனை சுவேதா கடிக்கவில்லை. அதற்குப் பதிலாக எழுந்து நின்று, 'எனக்குக் கோவம் வருது' என்று பதினோரு தடவை கத்தியதில், பக்கத்து வகுப்பில் நடந்த பரீட்சை நின்றுபோயிருந்தது. இது கடுமையாகக் கண்டிக்கத்தக்கது என்று பிரின்சிபால் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மேகலா அதைப் போனில் பிரவீனாவுக்குப் படித்துக் காட்டினாள். பிரவீனா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மறுநாள் சுரேந்தர் அந்தக் கடிதத்துக்கு லேமினேஷன் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார்.