ஒரு கை கொசுறு

உணவு வங்கியின் கிடங்கில் அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை பாதி, கிண்டல் பாதி. சம்பளமில்லாத வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, மேசைக்குப் பின்னால் கல்லாவில் நிற்பதுபோல் நிற்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையை மூடி நாளாகிவிட்டது, அந்த நிற்கிற தோரணை மட்டும் போகவில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆலைகளும் பெரிய கடைகளும் கொடுக்கிற மூட்டைகள் கிடங்குக்கு வந்து சேரும். தொண்டர்கள் மேசை மேசையாக நின்று, அரிசியையும் பருப்பையும் கிலோப் பைகளாக நிறுத்துக் கட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு மேசையின் பெட்டிகளும் ஒவ்வோர் ஊருக்குப் போகும். அங்கே ஏதாவது ஒரு கூடத்தில் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள்.

முதலாளி ஜன்னலோர மேசையைக் கேட்டு வாங்கியிருந்தார். வெயில் மூஞ்சியில் அடிக்கும் என்று மற்றவர்கள் ஒதுக்கிய மேசை அது. கேட்டால், நல்லா காத்து வருதுங்க என்பார். காற்றாவது ஒன்றாவது! அந்த மேசைப் பெட்டிகள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போகின்றன. அந்த ஊரில்தான் அவருடைய மகள் இருக்கிறாள்.

மருமகன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்றும், பிள்ளைக்காரி இலவச அரிசிக்கு வரிசையில் நிற்கிறாள் என்றும் மைத்துனர் போனில் சொன்ன அன்று, மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கிடங்கு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

நேரே மகள் வீட்டுக்கே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அவருக்கும் அந்த ஆசை இல்லாமலா இருந்தது? ஆனால் மகள் லேசுப்பட்டவள் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அவள்தான் தனியாகக் கிடந்து அல்லாடினாள். அப்பா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கோ துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு விதமாகத் துக்கத்துக்குப் பயப்படுகிறார்கள், அவர் தராசுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு முற்றியது.

"இந்தக் கடைச் சோத்துல வளர்ந்தவதானே நீ? மறந்துட்டுப் பேசாத!"

"சரிப்பா. இனிமே உங்க கையால அளந்த அரிசி ஒரு மணிகூட என் வயித்துக்குள்ள போகாது."

சொன்னபடியே இருந்தாள். அப்பா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தது, நடந்தது, பேசியது எல்லாம் மைத்துனர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பேத்தி எவ்வளவு உயரம் இருப்பாள் என்று மட்டும் அந்த மைத்துனருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் இடுப்பைக் காட்டுவார், இன்னொரு நாள் முழங்காலைக் காட்டுவார்.

ஆகவே முதலாளியின் திட்டம் இதுதான். தான் அளந்த அரிசி என்று தெரியாமலே மகள் அதைச் சாப்பிட வேண்டும். தெரிந்தால் அவ்வளவுதான், ரோஷக்காரி பையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு பட்டினி கிடப்பாள். அந்தப் பயத்தில் அவர் வேனில்கூட ஏறுவதில்லை. "வாங்க முதலாளி, முன்சீட்டு சும்மாதானே கிடக்கு" என்று வேன்காரர் எத்தனையோ முறை கூப்பிட்டும், முதுகுவலி என்று சாக்குச் சொல்லிவிட்டுப் பாலத்தின் பக்கமாகப் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஏறிப் போனால் ஒரு தடவை பார்த்துவிடலாம். வண்டி மறைந்ததும் அடுத்த மூட்டையைப் பிரிப்பார்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்க மூளைக்கு வேலை கொடுத்தால்தானே, கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. நிறுத்து முடித்ததும், பையின் வாயைக் கட்டுவதற்கு முன்னால், ஒரு கை அரிசியை அள்ளி மேலே போட்டுவிடுவார். கொசுறு. அவருடைய கடையில் கொசுறில்லாமல் ஒரு பொட்டலம் படி இறங்கியதில்லை. அதுவும் மகள் சின்னவளாக இருந்தபோது கொசுறு போடுவது அவளுடைய உத்தியோகம். அப்பா தராசை இறக்கியதும் முக்காலிமேல் ஏறி நின்று, குட்டிக் கையால் அள்ளிப் போட்டு, "இது என் கணக்கு!" என்பாள். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள்.

கிடங்கில் அதற்குச் சிரிக்க ஆள் இல்லை, டீச்சர்தான் இருந்தார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், இப்போது கிடங்கின் மேற்பார்வை அவருடையது. ஜன்னலோர மேசையில் மட்டும் ஒவ்வொரு மூட்டைக்கும் பைகள் குறைவதைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு பையை எடுத்துத் தராசில் வைத்தார். முள் தாண்டி நின்றது.

"என்னங்க இது?"

"கொசுறுங்கம்மா."

"கொசுறா! முதலாளி, இது உங்க கடை இல்ல. நீங்க தாராளமா அள்ளிப் போடுறீங்க, வரிசையில கடைசியா நிக்கிறவங்க வெறும் பையோட வீட்டுக்குப் போறாங்க. அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அவருக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் கடைசி ஆள் தன் மகளாகவே இருந்திருந்தால்? அன்றிலிருந்து முள்ளைப் பார்த்துப் பார்த்து, அணுவும் பிசகாமல் நிறுத்தார். பழக்கதோஷத்தில் கை மூட்டைக்குள் போகும், வெறுமனே திரும்பி வரும். கொசுறு போகாத பைகள் அடுக்கிய பெட்டி வேனில் ஏறியபோது, மகளை வெறுங்கையோடு அனுப்பியதுபோல் அவருக்கு இருந்தது.

அந்த நடை போய்த் திரும்பிய வேன்காரர், வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் நேரே ஜன்னலோர மேசைக்கு வந்தார்.

"முதலாளி, உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கென்ன கேடு? ஏன்?"

"அங்க ஒரு அம்மா பையை வாங்கினாங்க. உள்ளங்கையில வெச்சு ரெண்டு தடவை தூக்கிப் பாத்துட்டு முகமே மாறிடுச்சு. கொசுறு இல்லையே, கட்டுறவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க."

முதலாளி கையிலிருந்த பையை மேசையில் வைத்தார்.

"கட்டுறவர் யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். இப்ப இல்ல, நீங்க வந்த புதுசுலயே, இது யார் போடுற கொசுறுன்னு கேட்டாங்க. மளிகைக் கடை வெச்சிருந்தவராம், இஸ்திரி சட்டை போட்டுக்கிட்டு வர்றார்னு சொன்னேன். பையையே பாத்துக்கிட்டு நின்னாங்க. பையைத் திருப்பித் தரப்போறாங்கன்னு நினைச்சேன். மார்போட அணைச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு தடவைகூட வராம இருந்ததில்ல."

அது மகளேதான். இத்தனை நாளாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே வாங்கியிருக்கிறாள், தெரிந்தே உலையில் போட்டிருக்கிறாள்.

"நல்லா இருக்காரும்மா, டீச்சர் திட்டினதுல அடங்கிட்டாருன்னேன். சிரிச்சுட்டாங்க. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. இந்தாங்க, இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

வேன்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். கடையில் கட்டுகிற அதே மடிப்பு. முதலாளி பிரித்து உள்ளங்கையில் கொட்டினார். அரிசி. கையின் குழியைக்கூட நிரப்பாத கொஞ்சம் அரிசி.

"அவங்கதான் அள்ளப் போனாங்க, கூட வந்த அவங்க பாப்பா விடல. கொசுறு என் வேலைன்னு ஒரே அழிச்சாட்டியம். தானே அள்ளிப் போட்டுச்சு."

டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார். முதலாளி திருடிவிட்டுப் பிடிபட்டவர்போல் கையை நீட்டிக் காட்டினார். டீச்சர் அரிசியைப் பார்த்தார், முதலாளியின் கண்களைப் பார்த்தார்.

"இது கிடங்குக் கணக்குல வராது, வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முதலாளி உள்ளங்கையைப் பார்த்தார். பேத்தியின் உயரம் இன்னும் தெரியாது. அவள் கை இவ்வளவுதான்.

"தம்பி," என்றார் வேன்காரரிடம், "அந்த முன்சீட்டு காலியாத்தானே இருக்கு?"