தோலில் நின்ற நிக்கல்

உலையில் போடாமல் மிஞ்சிய பீப்பாயை உரத் தொழிற்சாலைப் பொறியாளர் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது இப்போது கூட்ட அறையின் நடுவே, அழையாத விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் அவள்.

அதில் இருந்தது அவள் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் பாடுபட்டு உருவாக்கிய வினையூக்கி. உலைக்குள் போன பங்கு தோல் உரிந்து, பொடியாகி, குழாயை அடைத்துவிட்டது. தவறு அவளுடைய ஃபார்முலாவில்தான் என்று இன்று முடிவானால் அதோடு அதற்கு மூடுவிழா.

காலையிலேயே அக்கா போன் செய்திருந்தாள்.

"ஏண்டி, ஃபார்முலா கொஞ்சம் சரியில்லன்னு ஒத்துக்கிட்டா உன் தலையா போயிடும்? அவருக்கு வேலையே போயிடும்டி."

"தப்பு அதுல இல்லக்கா."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வேற ஒண்ணு கண்டுபிடி. நீதான் படிச்சவளாச்சே!"

அவர் என்றால் அக்காவின் கணவர், வினையூக்கி செய்து விற்கும் இந்தத் தொழிற்சாலையின் மேலாளர். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "அத்தானையெல்லாம் வாசல்லயே கழட்டி வச்சுட்டு உள்ள வா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் சார்தான்.

வெள்ளை அலுமினா உருண்டைகளைப் பச்சை நிக்கல் கரைசலில் ஊறவைத்து, ஈரம் கலந்த இளஞ்சூட்டுக் காற்றில் நிதானமாக உலர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் சுட வேண்டும். சரக்கை அனுப்பும் அவசரத்தில் அவர் உலர்த்தும் சூட்டை ஏற்றச் சொன்னார். கூடாது என்றாள்.

"தண்ணி போகணும், அவ்வளவுதானே? நடந்து போனா என்ன, ஓடிப் போனா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் மூத்தவர், இங்கே மேலதிகாரி. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. அந்த மௌனத்தைத்தான் அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். பேசாதவள் என்றால் எதையும் தலையில் கட்டிவிடலாமா?

பொறியாளர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதானேம்மா இதை உருவாக்கினது? ஃபார்முலாவுல கோளாறா?"

"அவங்க அதிகம் பேச மாட்டாங்க சார்," மேலாளர் முந்திக்கொண்டார். "என்கிட்ட ஒத்துக்கிட்டாங்க."

அவள் எழுந்து, பீப்பாயிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் தானே நிதானமாக உலர்த்திச் சுட்ட இன்னோர் உருண்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தாள். இரண்டையும் ஒரு குறடோடு மேலாளர் முன்னால் வைத்தாள்.

"உடைங்க, அத்தான்."

அறை திடுக்கிட்டது. தலை குனிந்து நகம் பார்த்துக்கொண்டிருந்த கணக்காளர்கூட நிமிர்ந்தார்.

"என்ன இது, மீட்டிங்ல..."

"நான் உடைச்சா ஏதோ வித்தை காட்டினேன்னு சொல்வீங்க. உங்க கையாலயே உடைங்க."

வேறு வழியில்லாமல் குறடை எடுத்தார். பீப்பாய் உருண்டை பிளந்தது. வெளியே மெல்லிய கறுப்புத் தோல். உள்ளே சுண்ணாம்பாய் வெள்ளை. அடுத்து உடைத்த அவளுடைய உருண்டையோ நடுவரை ஒரே சாம்பல் நிறம்.

பொறியாளர் குனிந்து பார்த்தார். "உள்ள நிக்கலே காணோமே?"

"வேகமா உலர்த்தினா தண்ணி வெளிய ஓடி வரும் சார். வர்றப்ப நிக்கலையும் இழுத்துட்டு வந்து தோல்ல விட்டுட்டுப் போயிடும். அந்தத் தோல்தான் உங்க உலையில உரிஞ்சு விழுந்தது."

"சூட்டை யார் ஏத்தினது?"

இந்தமுறை மௌனம் அவளுடையதாக இல்லை.

மேலாளர் அவள் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசுங்க அத்தான்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அங்க உங்களுக்குப் பதிலா அக்காதான் அழுவா."

பொறியாளர் சாம்பல் நிறப் பாதிகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "இந்த மாதிரியே அனுப்புங்கம்மா. லேட்டானாலும் பரவாயில்ல."

வெள்ளைப் பாதிகள் மேலாளரின் முன்னாலேயே கிடந்தன. அவற்றை அவள் எடுத்து வைக்கவில்லை.