கேப்டனுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை

வடக்குப்பட்டு பலராமன் தன் அறுபதாம் கல்யாணத்தைக் கப்பலில் வைத்துக்கொள்வதென்று அறிவித்தபோது, அதுவரை அவர் ஏறியிருந்த மிகப் பெரிய கப்பல் முட்டுக்காட்டில் காலால் மிதிக்கும் படகுதான். அதிலும் பாதித் தூரத்தில் முழங்கால் வலிக்கிறதென்று சொல்லி, மனைவி செந்தாமரையை மிதிக்க விட்டுவிட்டார்.

ஒரகடம் கூட்டுரோட்டில் அவர் வைத்த ஃப்ளெக்ஸில் இந்த விவரமெல்லாம் இல்லை. தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் தங்கப்பட்டை, கையில் தொலைநோக்கி. பின்னால் ஒரு கப்பல், அவருடைய காது அளவுக்கு. ‘கடல் அழைக்கிறது, காளை புறப்படுகிறது’ என்று கீழே ஒரு வரி. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க நிற்கும் பிள்ளைகள் அந்த ஃப்ளெக்ஸின் நிழலில்தான் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் பலராமன் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஒப்பந்த ஆட்கள், போன மாத ஓ.டி. காசு இன்னும் கைக்கு வராதவர்கள். காளை சீக்கிரம் புறப்பட வேண்டுமென்று அவர்கள் மனதார விரும்பினார்கள். திரும்பி வருவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆள் அனுப்பும் அந்தத் தொழில் பலராமன் பெயரில் இல்லை. இந்தப் பக்கத்தில் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்ளும் எந்த ஆணின் பெயரிலும் எதுவும் இருக்காது. நிலம், வண்டி, லைசென்ஸ், கடன் எல்லாமே வீட்டுக்காரி பெயரில்தான். வருமான வரிக்காரர்கள் வந்தாலும், கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தாலும், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் அவங்கதான்” என்று கையை விரித்துவிடலாம். ‘செந்தாமரை எண்டர்பிரைசஸ்’ என்ற பலகைக்குக் கீழே பலராமன் உட்கார்ந்திருப்பார். செந்தாமரை பின்னால் வீட்டிலிருந்து வந்து, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போய்விடுவாள். கப்பல் பதிவும் அந்தப் பழக்கத்திலேயே அவள் பெயரில் நடந்தது.

பன்னிரண்டு பேருக்குக் கப்பல். அதற்குப் பணம் அவளுடைய தாலிச் சங்கிலியிலிருந்து வந்தது. பதினோரு சவரன். தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அது படப்பை சேட்டுக் கடைக்குப் போனது. மறுபடியும் தாலி கட்டும் விழாவுக்காகத் தாலிச் சங்கிலியையே அடகு வைப்பதென்றால் அதற்குத் தனி மூளை வேண்டும்.

“மூணே மாசம். கப்பல்ல வர்றவங்கோ மொய் எழுதாம பூடுவாங்களா? அத்த வெச்சி மீட்டுக் குடுத்துடறேன்,” என்றார்.

மே மாதம் கப்பல். மார்ச்சில் ஊரடங்கு. தொழிற்சாலைகள் மூடின, கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று தூசி குடித்தன, கப்பலும் ரத்தானது. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஹேமந்த் என்ற இளைஞன் போனில் வந்தான்.

“சார், ரெண்டு ஆப்ஷன் இருக்கு. கட்டின பணத்தை அப்படியே ரீஃபண்டா வாங்கிக்கலாம். இல்லேன்னா கிரெடிட். கட்டினதுக்கு மேல கால் பங்கு சேர்த்துத் தருவாங்க. ஆனா பணமா வராது, அடுத்த பயணத்துல கழிச்சுக்கணும்.”

“காசா குடுக்கச் சொல்லுய்யா,” என்றாள் செந்தாமரை, சமையலறையிலிருந்து. “சங்கிலி கெடக்குதுல்ல.”

ஹேமந்தின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். “உங்க இஷ்டம் சார். ஆனா உங்களை மாதிரி பிரீமியம் கஸ்டமர்ஸ் யாரும் ரீஃபண்ட் கேக்கறதில்ல. சாதாரண ஜனங்கதான் கேக்கறாங்க.”

பலராமன் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே பிறந்து வளர்ந்தவர். “ரீஃபண்டா? நமக்கு இன்னாத்துக்குப்பா ரீஃபண்டு? கிரெடிட்டே போடு,” என்றார். அன்று மாலைக்குள், கப்பல்காரன் தனக்குக் கால் பங்கு கடன்பட்டிருப்பதாகத் தெருவில் சொல்லியாகிவிட்டது.

கப்பல் இல்லாததால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாததால் தனக்கு அறுபது ஆகவில்லை என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். யார் வயதைக் கேட்டாலும், “அறுவது நெருங்குது” என்பார். அறுபது தாண்டியவர்களுக்கு முதலில் தடுப்பூசி என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கூப்பிட்டபோது, வரிசையில் போய் நின்றால் ஊருக்கு வயது தெரிந்துவிடும் என்று வீட்டிலேயே இருந்தார். ஊசிக்கு முன்னால் கொரோனா வந்து அவரை அடையாளம் கண்டுகொண்டது. அதற்கு அவர் வயதில் சந்தேகம் இருக்கவில்லை. பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார், அப்போதும் அறுபது நெருங்கிக்கொண்டுதான் இருந்தது.

கப்பல் கம்பெனியிலிருந்து மெயில் வந்தபடி இருந்தது. கிரெடிட் ஒரு வருடம் நீட்டிப்பு. இன்னொரு வருடம் நீட்டிப்பு. பிறகு கம்பெனியே வேறொருவர் கைக்கு மாறியது. சேட்டுக் கடையிலும் நீட்டிப்புத்தான். முடிந்த வருடம் வட்டி கட்டி மாற்றி வைத்தார்கள், முடியாத வருடம் வட்டிக்கு வட்டி ஏறியது. கூட்டுரோட்டு ஃப்ளெக்ஸைப் பலராமனின் பங்காளி கன்னியப்பன் கழற்றிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார். கேப்டனின் முகம் உள்பக்கமாக இருந்தது. எருமைகள் நிமிர்ந்தால் பார்க்கலாம். அவை நிமிரவில்லை.

இப்படி நாலு வருடம் தாண்டிய பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு சேதி வந்தது. சங்கிலியை மீட்காவிட்டால் மாதக் கடைசியில் ஏலம் என்று சேட்டிடமிருந்து ஒன்று. கப்பல் கம்பெனியிலிருந்து இன்னொன்று. அதை ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் நம்பிராஜன் கம்ப்யூட்டரில் படித்துச் சொன்னான். நாங்குநேரிப் பக்கத்துக்காரன். வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

“மொதலாளி, இதுதான் கடேசியாம். இனிமே நீட்ட மாட்டாங்களாம். நம்ம கிரெடிட்டுக்கு இன்னைக்கு வெலையில ரெண்டு பேருதான் போவ முடியும். அதுவும் பம்பாய்லேருந்து. சன்னல் இல்லாத ரூமு.”

“ரெண்டு பேரு போதும்டா. கல்யாணம் எங்க ரெண்டு பேருக்குத்தான?”

“பம்பாய்க்கு நம்ம செலவுல போவணும் மொதலாளி. கட்டுன பணத்த மட்டும் ரூவாயா வேணும்னாலும் தாராங்க. ஆனா அதுக்கு, நாங்க பணக் கஷ்டத்துல இருக்கோம்னு நாமளே சொல்லணுமாம்.”

பலராமன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “யாரு சொல்றது? நானா? நாப்பது பஸ்ஸு ஆள் அனுப்புனவன் நானு.”

இப்போது அனுப்புவது இரண்டு பஸ். நம்பிராஜன் அதைச் சொல்லவில்லை. சம்பளத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஏலம் பூட்ருவான்யா,” என்றாள் வாசற்படியில் நின்ற செந்தாமரை. “பவுனு விக்கிற வெலையில இன்னொரு தபா அத்த வாங்க முடியுமா நம்மளால?”

“கயித்துல கட்னாலும் தாலி தாலிதான். கப்பல்காரன் கிட்ட போயி பிச்ச எடுக்கச் சொல்றியா?”

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு வேர்வையில் கறுத்திருந்தது. அதை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முடிவைக் கேட்கக் கப்பல் கம்பெனியிலிருந்தே கூப்பிடுவார்கள் என்று சொன்ன நாளில், பலராமன் கன்னியப்பனை ஆபீசுக்கு வரவழைத்தார். ஆள் சேர்க்காமல் அவரால் தும்மவும் முடியாது. கன்னியப்பனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். கப்பலுக்கென்று வாங்கிய பூப்போட்ட அரை டிரவுசரை நாலு வருடமாக மாட்டுக் கொட்டகையில் போட்டுக் கிழித்தவர். டீ வந்தது. மேஜை நடுவில் போன், ஸ்பீக்கரில்.

“வணக்கம் சார். ஹேமந்த் பேசறேன்.” அவனும் கப்பலோடு சேர்ந்து புதிய கம்பெனிக்குக் கை மாறியிருந்தான்.

“கேப்டன் பேசறேன்,” என்றார் பலராமன்.

“எந்தக் கேப்டன் சார்?”

கன்னியப்பனுக்குப் புரையேறி டீ மூக்கில் வந்தது.

“பலராமன்ப்பா, வடக்குப்பட்டு.”

“ஓ, சார்! இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது சார். லீட் பாசஞ்சர் செந்தாமரை மேடம். முடிவை அவங்கதான் சொல்லணும். நீங்க கூட வர்றவர்.”

கூட வர்றவர். அந்த ஆபீசில் அவரைப் பற்றி அவ்வளவு சரியாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

“நான் சொல்றதத்தான் அவ சொல்லுவா. ஏ செந்தாமர, இங்க வா. கப்பல்லயே போறோம்னு சொல்லிட்டுப் போ.”

செந்தாமரை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போனைக் குனிந்து பார்த்தாள். “தம்பி, எங்களுக்குக் காசா குடுத்துடுங்க.”

“மேடம், அப்போ பணக் கஷ்டத்துல இருக்கீங்கன்னு உங்க வாயால சொல்லணும்.”

“கீறோம்.”

“யாரு கஷ்டத்துல கீறது?” என்று பலராமன் கத்தினார். “வாசல்ல எவ்ளோ பெரிய வண்டி நிக்குது, பாரு!”

“அவரு போன்ல எப்டி அண்ணாத்தே பாப்பாரு?” என்றார் கன்னியப்பன். “போயி ஹாரன் அடிச்சிக் காட்டு.”

“அந்த வண்டிக்கு மூணு மாச டியூ நிக்குது தம்பி,” என்றாள் செந்தாமரை. “அத்தயும் எழுதிக்கோங்க.”

“சரி மேடம். கஷ்டத்துக்குக் காரணம் ஒண்ணு நான் குறிக்கணும். வேலை போயிடுச்சா?”

“இல்ல.”

“மருத்துவச் செலவா?”

“இல்ல.”

“சாரி மேடம், கேக்கணும்னு இருக்கு. வீட்டுல சம்பாதிக்கிறவர் யாராவது இறந்துட்டாங்களா?”

“இல்ல தம்பி. நல்லா கீறாரு. அதான் கஷ்டம்.”

நம்பிராஜன் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். கன்னியப்பன் அந்தச் சிரமமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார்.

“‘இதர காரணங்கள்’னு போட்டுக்கறேன் மேடம்,” என்றான் ஹேமந்த், குரல் இறங்கி.

பலராமன் போனைக் கையில் பிடுங்கிக்கொண்டார். “யோவ், காசு கட்டனது நானு! எங்காசு அது! நான் சொல்றேன், கப்பலு!”

“அப்படியா சார்? மேடம் பேர்ல புக் பண்ணினது உங்க பணம்னா, அதை நீங்க எழுதிக் குடுத்துடுங்க. உங்க பான் நம்பர், அந்த வருஷம் வருமான வரி கட்டின விவரம், பணம் எங்கிருந்து வந்ததுன்னு ஒரு லெட்டர். பேரை உங்களுக்கு மாத்திடறோம்.”

வருமான வரி என்ற சொல் காதில் விழுந்ததும் பலராமனின் வாய் தன் பழக்கத்தில் தானே திறந்துகொண்டது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் அவங்கதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. போனை மெல்ல மேஜையில் வைத்தார்.

“தேங்க்யூ சார், அதுவும் ரெக்கார்ட் ஆயிடுச்சு,” என்றான் ஹேமந்த். “மேடம், அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க.”

செந்தாமரை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பாஸ்புக்கை எடுத்தாள். மகளிர் குழுவுக்காக அவள் தொடங்கிய கணக்கு. அவள் பெயரில் இருந்தவற்றில், பலராமன் விரல் வைத்துக் காட்டாத இடத்தில் அவள் கையெழுத்துப் போட்ட ஒரே சங்கதி அதுதான். நம்பரை நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“கால் பங்கு போச்சே,” என்றார் பலராமன், யாரையும் பார்க்காமல்.

“அது எப்போ வந்துது அண்ணாத்தே, போறதுக்கு?” என்றார் கன்னியப்பன்.

பணம் வந்தது. அதற்குள் பலராமன் தேறிவிட்டார். இப்படிப்பட்டவர்கள் தேறுவதற்கு ஒரு ராத்திரித் தூக்கமும் ஒரு டீயும் போதும். சன்னல் இல்லாத அறையைக் கொடுத்த கப்பல்காரனைத் தான்தான் உதைத்துப் பணத்தைக் கக்க வைத்ததாகக் கூட்டுரோட்டு டீக்கடையில் சொன்னார். சங்கிலியை மீட்க செந்தாமரை படப்பைக்குக் கிளம்பியபோது, பட்டு வேட்டியும் ஜவ்வாதுமாக அவரும் வண்டியில் ஏறினார். வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். மணிமங்கலம் கோயிலில் ஐயரிடம் பேசியாகிவிட்டது, சங்கிலி கைக்கு வந்ததும் நேராக அங்கே போய் அறுபதாம் கல்யாணம்.

“எளிமையா செய்றோம்னு போட்டு ஒரு ஃப்ளெக்ஸுக்கும் சொல்ட்டேன்,” என்றார்.

சேட்டு அசலையும் வட்டியையும் எண்ணி வாங்கிக்கொண்டு, நகையை எடை போட்டுக் காட்டிச் செந்தாமரையிடம் கொடுத்தார். அவள் கவுண்டருக்கு முன்னாலேயே மஞ்சள் கயிற்றை அவிழ்த்தாள். தாலியை அதிலிருந்து உருவிச் சங்கிலியில் கோத்தாள்.

“குடு,” என்று பலராமன் கையை நீட்டினார். “அத்த நான்தான் கட்டணும்.”

கடைச் சுவரில் நகை போட்டுப் பார்க்க ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. செந்தாமரை அதன் முன்னால் போய் நின்றாள். சங்கிலியைக் கழுத்தில் சுற்றி, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியை மாட்டினாள். முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

“இன்னாடி பண்றே? ஐயரு காத்துகினு கீறாரு. அறுபதாம் கல்யாணம் இன்னா ஆவறது?”

“ஒனக்குத்தான் இன்னும் அறுவது ஆவலியேய்யா,” என்றாள் செந்தாமரை, கண்ணாடியைப் பார்த்தபடியே. “ஆவட்டும், பாத்துக்கலாம்.”

மஞ்சள் கயிற்றை மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, பலராமனின் பெரிய வண்டியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.