கரைந்தவளும் கரையாதவளும்

"நாலு ஊசி போட்டும் கரையலைன்னா அந்த உடம்புக்குள்ள எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும்!" என்று மாமியார் சாப்பாட்டுத் தட்டை இளைய மருமகள் முன்னால் தள்ளினாள். "மூத்தவளப் பாரு. ரெண்டாவது ஊசிக்கே கட்டி போன இடம் தெரியல. மனசு சுத்தம்."

மனசு சுத்தமான மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். வீட்டுக்குக் கீழேயே அவர்களுடைய சோபா தைக்கும் பட்டறை. உறை தைப்பது இளையவள், பஞ்சு அடைப்பது மூத்தவள். பஞ்சுத் தூசி இருமல் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படியே சொல்லிவந்தாள்.

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்களுக்கும் மார்பில் புற்றுநோய்க் கட்டி. போன வருடம் மூத்தவளுக்கு வந்தபோது, முதலில் கீமோ ஊசி போட்டுச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யலாம் என்றார் டாக்டரம்மா. சுருங்குவது என்ன, கட்டி அடியோடு மறைந்தே போனது. வீடு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும், அந்த இடத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? "இல்லாத கட்டிய எதுக்கு அறுக்கணும்?" என்று அவள் கணவன் ஒரே போடாகப் போட்டுவிட்டான். உடம்புக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

இப்போது இளையவளின் முறை. அன்று காலை ஆஸ்பத்திரிக்கு மூத்தவள்தான் துணைக்குப் போயிருந்தாள். ஆண்களுக்குப் பட்டறையை விட்டு வர முடியவில்லை.

"பேரு ஒண்ணுதான்மா, வகை வேற" என்று டாக்டரம்மா இளையவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். "உங்க அக்காவோடது வேகமா வளர்ற வகை. ஊசிக்குச் சட்டுனு கரையும். ஆனா மிச்சம் இருந்தா அதே வேகத்துல திரும்பி வரும். உன்னோடது ஹார்மோனால மெதுவா வளர்றது. ஊசிக்கு அவ்வளவா அசையாது. அதுல உன் தப்பு எதுவும் இல்ல. ஆபரேஷன் பண்ணிட்டு, வருஷக்கணக்குல மாத்திரைய விடாம சாப்பிட்டா நல்லா இருக்கலாம். அடுத்த வாரமே உனக்கு பெட் சொல்லி வச்சிருக்கேன்."

இளையவள் வெளியே போனதும் அவர் மூத்தவளின் இருமலைக் கவனித்து நெஞ்சைப் படம் எடுக்க அனுப்பினார். நோய் நுரையீரலில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஆபரேஷன் வேணாம்மா" என்று இப்போது தன் அம்மாவிடம் சொன்னான் இளையவளின் கணவன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "கரையாதத அறுத்து என்ன ஆகப்போவுது?"

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரைந்தாலும் அறுக்கக் கூடாது, கரையாவிட்டாலும் அறுக்கக் கூடாது என்றால் ஒரு பெண் எப்படித்தான் பிழைப்பது? அவளிடம் மிச்சமிருந்தது நல்ல பேர் ஒன்றுதான். அதைப் போட்டு உடைத்தாவது இளையவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினாள்.

"அத்தை, என் மனசுல ஒரு சுத்தமும் இல்ல. இது பஞ்சுத் தூசியும் இல்ல. நோய் நுரையீரலுக்குப் போயிருச்சு. அன்னைக்கே அறுத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். இனிமே எனக்கு வழி கிடையாது. தம்பி, இவளையாவது அனுப்பி வைங்க. இவ வகை வேறன்னு டாக்டரம்மா சொன்னத நான் என் காதால கேட்டேன்."

அவள் கணவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பில்லை, நெஞ்சாரத்தான் அழுதாள். இனி இவர்கள் கேட்பார்கள் என்று மூத்தவளுக்குத் தோன்றியது.

இளையவளின் கணவன் கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தான்.

"கரைஞ்ச அண்ணிக்கே திரும்பி வந்துருச்சு. கரையாத இவளுக்கு மட்டும் என்ன விடிஞ்சிடப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினான். "ஹலோ, அந்த பெட்ட வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். இளையவள் அவனுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அவகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்றான் அவன். "நாங்க வீட்ல எல்லாரும் பேசி முடிச்சிட்டோம்."